செய்த வேலைக்குப் பணம் கேட்பது பிச்சையல்ல!

சனிக்கிழமை இரவு 8 மணி. திருப்பூரில் அது சம்பள நேரம். வாரம் முழுதும் மிஷின் மேல் குனிந்து தைத்த டெய்லரும், கைமடி வேலை செய்யும் பெண்ணும், கண் மங்கும் வரை செக்கிங் பார்த்த வயதான தாயும் தையல் யூனிட்டின் வாசலில் காத்து நிற்கிறார்கள். மளிகைக் கடையில் பாக்கி நிற்கிறது. வீட்டு வாடகைக்குத் தேதி தாண்டிவிட்டது. திங்கட்கிழமை குழுக் கடனுக்குத் தவணை கட்டியாக வேண்டும். யூனிட்காரர் வருகிறார். கையில் பணப்பை இல்லை. முகத்தில் களையும் இல்லை.

“கம்பெனியில இன்னும் பில் பாஸ் ஆகலீங்கக்கா. செவ்வாக்கிழமை கண்டிப்பா தந்துடறேனுங்க” என்கிறார்.

செவ்வாய் வருகிறது, பணம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமையும் வருகிறது. அரைச் சம்பளம் கைக்கு வருகிறது. மீதியைக் கேட்டால் மறுபடியும் அதே பதில்: “கம்பெனியில பணம் வரலீங்க.”

இது ஒரு தெருவில், ஒரு யூனிட்டில் மட்டும் நடக்கும் சங்கதியல்ல. ஜாப் ஒர்க் நடக்கும் ஊர்களில் எல்லாம் இந்தப் பேச்சைக் கேட்கிறோம். “இது யூனிட்காரருக்கும் கம்பெனிக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல், இதில் பாட்டாளி மக்களுக்கு என்ன வேலை?” என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அப்படிக் கேட்கும் மில் தொழிலாளித் தோழரின் மனைவியே ஒரு யூனிட்டில் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கிறார். கழனியில் நாற்று நடும் விவசாயத் தொழிலாளியின் மகள் விடியற்காலையில் வேன் ஏறித் திருப்பூருக்குப் போகிறாள். அந்த வீடுகளின் அடுப்பு எரிவது சனிக்கிழமைப் பணத்தில்தான். ஆகவே இது நம் வீட்டுப் பிரச்னை. இதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது.

யூனிட்காரர் யார்?

கிராமத்துத் தோழர்களுக்காக முதலில் இதை விளக்குவோம். வெளிநாட்டு வியாபாரியிடம் ஆர்டர் எடுப்பது பெரிய கம்பெனி. துணியை வெட்டிக் கட்டுக் கட்டாகக் கட்டிச் சிறிய யூனிட்டுக்கு அனுப்புகிறது. பீஸுக்கு இத்தனை ரூபாய் என்று கூலி பேசுகிறார்கள். துணி கம்பெனியுடையது, லேபிள் வெளிநாட்டுக்காரனுடையது. மிஷினும் உழைப்பும் மட்டும் யூனிட்டுடையவை. இதற்குத்தான் ஜாப் ஒர்க் என்று பெயர். நெல் அறுக்க மொத்தக் கூலி பேசி ஆட்களைக் கூட்டிச் செல்லும் கொத்துக்காரரைப் போன்றவர்தான் இந்த யூனிட்காரர்.

இவர்களில் பலர் நேற்று வரை டெய்லராக இருந்தவர்கள். நகையை அடகு வைத்து, தவணைக்கு 10 மிஷின் வாங்கிப் போட்டு, வாடகைக் கூரையின் கீழ் தொழில் நடத்துகிறார்கள். 1984ல் திருப்பூர் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து வரலாறு படைத்தார்கள். ஆயிரம் பேர் ஒரே கூரையின் கீழ் கூடினால் என்ன ஆகும் என்பதைப் பெரிய முதலாளிகள் அப்போது நேரில் கண்டார்கள். வேலையைத் துண்டு துண்டாக்கி வெளியே கொடுக்கும் வழக்கம் அதற்குப் பின் பெருகிற்று. லாபம் ஒரு கையில். பொறுப்பு ஆயிரம் கைகளில்! இதுதான் அவர்கள் கண்ட வழி.

யூனிட்காரரைத் தொழிலாளி என்று நாம் சொல்ல மாட்டோம். பிறர் உழைப்பில் அவருக்கும் ஒரு பங்கு போகிறது. இ.எஸ்.ஐ. கட்டாதவர்கள், பி.எப். பணத்தை விழுங்கியவர்கள், போனஸ் கேட்டால் கதவைச் சாத்துகிறவர்கள் இவர்களிலும் உண்டு. அவர்களோடு நமது சங்கங்கள் சண்டை போட்டதுண்டு, இனியும் போடும். ஆனால் கம்பெனி முதலாளியின் அலுவலக வாசலில் காலை முதல் மாலை வரை காத்துக் கிடக்கும் யூனிட்காரரையும், குளிர்சாதன அறைக்குள் உட்கார்ந்திருக்கும் முதலாளியையும் ஒரே தராசில் நிறுக்க முடியுமா? பணத்தை உண்மையில் பிடித்து வைத்திருப்பது யார் என்பதைப் பார்க்க வேண்டாமா?

கணக்கைப் பார்ப்போம்

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு யூனிட் 10,000 பீஸ் தைத்துக் கொடுக்கிறது. பீஸுக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பில் 2,00,000 ரூபாய். இதில் தொழிலாளர் கூலி 1,30,000. வாடகை, கரண்ட், நூல், மிஷின் தவணை எல்லாம் சேர்த்து 50,000. யூனிட்காரருக்கு மிஞ்ச வேண்டியது 20,000.

கம்பெனி 4 மாதம் இழுத்தடிக்கிறது. கூலியும் வாடகையும் காத்திருக்குமா? யூனிட்காரர் 1,80,000 ரூபாயை நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டிக்கு வாங்குகிறார். மாதம் 5,400 ரூபாய் வட்டி. 4 மாதத்துக்கு 21,600. மிஞ்ச வேண்டிய 20,000மும் போய், அதற்கு மேல் 1,600 ரூபாய் நஷ்டம்! ஒழுங்காக வேலை செய்து, ஒழுங்காகச் சரக்கைக் கொடுத்தவர் கடனாளியாகிறார்.

கம்பெனிக்கு என்ன கிடைத்தது? 2,00,000 ரூபாயை 4 மாதம் வட்டியில்லாமல் வைத்துக்கொண்டது. அதே பணத்தைப் பாங்கியில் 10 சதவீத வட்டிக்கு வாங்கியிருந்தால் 6,600 ரூபாய்க்கு மேல் கட்டியிருக்க வேண்டும். பாங்கி ஈடு கேட்கும், கணக்குக் கேட்கும், தவணை தவறினால் நோட்டீசு அனுப்பும். யூனிட்காரர் எதுவும் கேட்க மாட்டார். இப்படி 50 யூனிட்டுகளிடம் பாக்கி வைத்தால் ஒரு கோடி ரூபாய் முதலீடு சும்மா கிடைத்துவிடுகிறது!

யூனிட்காரருக்குக் கடன் கிடைக்காவிட்டால்? அப்போதுதான் சனிக்கிழமை வாசலில் அந்தக் காட்சி. கடைசியில் அந்தக் கடனைக் கொடுத்தது யார்? டெய்லரும் கைமடிப் பெண்ணும்! மூன்று வாரக் கூலியை விட்டு நிற்கும் தொழிலாளிதான் கோடீஸ்வரக் கம்பெனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்திருக்கிறார். அதற்கு ஈடு கட்ட அவர் நுண்கடன் கம்பெனியிடம் வட்டிக்கு வாங்குகிறார். ஏழை வட்டி கட்டுகிறான். பணக்காரன் வட்டியில்லாமல் அனுபவிக்கிறான். இது எந்த ஊர் நியாயம்?

கம்பெனியின் நான்கு தந்திரங்கள்

பணத்தை இழுத்தடிக்கக் கம்பெனிகள் கையாளும் தந்திரங்கள் ஊரறிந்தவை.

முதலாவது, “நாளைக்கு வாங்க.” அக்கவுண்ட்ஸில் கேட்டால் மானேஜரைக் கை காட்டுவார்கள். மானேஜரைக் கேட்டால் முதலாளி ஊரில் இல்லை என்பார். நடந்து நடந்து செருப்புத் தேய வேண்டியதுதான்.

இரண்டாவது, “டெபிட்.” சரக்கு வாங்கும்போது வாய் திறக்க மாட்டார்கள். பணம் கேட்டு மூன்று மாதம் கழித்துப் போனால், தையல் சரியில்லை, கறை பட்டது, பீஸ் குறைந்தது என்று சொல்லி 2,00,000த்தில் 40,000த்தைக் கழிப்பார்கள். கெட்டுப்போன பீஸ் எங்கே என்று கேட்டால் காட்ட மாட்டார்கள். அது கப்பலேறிப் போயிருக்கும்!

மூன்றாவது, அடுத்த ஆர்டர். “இந்த லாட்டை முடித்துக் கொடு, இரண்டையும் சேர்த்துத் தருகிறோம்” என்பார்கள். பழைய பாக்கிக்காகப் புதிய வேலை. புதிய வேலையினால் இன்னும் பெரிய பாக்கி. தூண்டிலில் புழு வைப்பது போன்றது இது.

நான்காவது, செக். இரண்டு மாதம் தள்ளித் தேதி போட்ட செக்கைக் கொடுப்பார்கள். தேதி வந்ததும், “இப்போது போடாதீங்க, சொல்லும்போது போடுங்க” என்பார்கள். அதை நம்பி இருந்தால் செக்கின் ஆயுளே முடிந்துவிடும்.

சர்க்காரும் தன் பங்குக்கு ஒரு சுமையை ஏற்றியிருக்கிறது. 2017 ஜூலையில் வந்த ஜி.எஸ்.டி. முறையில், பதிவு பெற்ற யூனிட்காரர் பில் போட்டாலே வரியைக் கட்டிவிட வேண்டும். கம்பெனி பணம் கொடுத்ததா இல்லையா என்று வரி இலாகா கேட்பதில்லை. கைக்கு வராத பணத்துக்கும் கையிலிருந்து வரி!

“எங்களுக்கே பணம் வரவில்லை” என்று கம்பெனிகள் சொல்வதுண்டு. அதில் சிறிது உண்மையும் உண்டு. 2020ல் கொரோனா பரவியபோது மேல்நாட்டு வியாபாரிகள் பல ஆர்டர்களை ரத்து செய்தார்கள். அனுப்பிய சரக்குக்கும் பணத்தை நிறுத்தினார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்க சர்க்கார் இந்தியச் சரக்குகள் மீது சுங்க வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது திருப்பூர் ஆட்டம் கண்டது. ஏகாதிபத்திய வியாபாரம் நம் ஊர்க் கம்பெனியை மிதிக்கிறது என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம்: நல்ல காலத்தில் வந்த லாபத்தில் யூனிட்காரருக்கும் டெய்லருக்கும் பங்கு கொடுத்தீர்களா? லாபம் வந்தால் உங்களுக்கு, நஷ்டம் வந்தால் எங்களுக்கு என்றால் அதற்குப் பெயர் வியாபாரமா?

கழனியிலும் இதே நோய்

விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு இது புதிதாக இராது. கரும்பு வெட்டி ஆலைக்கு அனுப்பிய 14 நாட்களுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி தர வேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு உத்தரவு விதித்தது. ஆனால் தமிழ்நாட்டுத் தனியார் சர்க்கரை ஆலைகளிடம் பாக்கியை வசூலிக்கக் கரும்பு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் மறியலும் உண்ணாவிரதமும் செய்ய வேண்டியிருந்தது. விவசாயிக்குப் பணம் வராவிட்டால், வெட்டிய ஆட்களின் கூலிக்கும் இழுபறிதான். பெரியவன் நிறுத்தினால் நடுவில் நிற்பவன் தடுமாறுகிறான். கீழே இருப்பவன் பட்டினி கிடக்கிறான். பஞ்சாலைக்கும் பனியனுக்கும் கரும்புக்கும் இந்த விதி ஒன்றுதான்.

சட்டம் தூங்குகிறது

சட்டமே இல்லையா? இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் சொல்வதைக் கேளுங்கள். குறுந்தொழிலோ சிறுதொழிலோ செய்கிறவரிடம் சரக்கோ வேலையோ வாங்கியவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தக் கூடாது. எழுத்தில் தவணை பேசாவிட்டால் கெடு 15 நாள்தான். கெடு தவறினால் ரிசர்வ் பாங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் வட்டிக்கு வட்டி சேர்த்துத் தர வேண்டும். வங்கி விகிதம் 6 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி 18 சதவீதம். நாம் மேலே சொன்ன 2,00,000 ரூபாய்க்குக் கெடு தாண்டி 4 மாதம் ஆனால் வட்டி மட்டும் 12,200 ரூபாய்க்கு மேல் வருகிறது.

“டெபிட்” தந்திரத்துக்கும் அந்தச் சட்டத்தில் பதில் இருக்கிறது. சரக்கில் குறை இருந்தால், பெற்ற 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சரக்கை ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். மூன்று மாதம் கழித்து நீட்டும் டெபிட் சீட்டைக் கண்டு நடுங்க வேண்டிய அவசியமில்லை.

பாக்கி வசூலுக்கென்று ஒவ்வொரு மாநிலத்திலும் கவுன்சில் அமைக்க அதே சட்டம் வழி செய்திருக்கிறது. மனுப் போட்டால் முதலில் சமரசம். அது முறிந்தால் மத்தியஸ்தத் தீர்ப்பு. 90 நாட்களில் முடிவு செய்ய வேண்டும் என்று விதியிருக்கிறது. தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போக வேண்டுமானால் கம்பெனி முதலில் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டியாக வேண்டும். 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் இன்னொரு பிடியையும் போட்டது. 2024 ஏப்ரல் முதல், இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பாக்கியை, உண்மையில் கொடுக்கும் வரை, கம்பெனி தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது.

இவ்வளவு இருந்தும் ஏன் பணம் வரவில்லை? ஏனென்றால் சட்டத்தின் வாசலுக்குப் போகவே யூனிட்காரர் அஞ்சுகிறார். மனுப் போட்டால் அந்தக் கம்பெனி இனி ஆர்டர் தராது. பக்கத்துக் கம்பெனிக்கும் சேதி போய்விடும். கையில் எழுத்து ஆதாரமும் இல்லை. பேச்சு போனில், விலை வாயில், சரக்கு போனது டெம்போவில், கையெழுத்து எங்கும் இல்லை. 90 நாள் என்ற விதியும் ஏட்டில் இருக்கிறதே தவிர, நடைமுறையில் மாதங்கள் இழுபடுகின்றன. தனி மனிதனுக்குச் சட்டம் தூங்கும். கூட்டமாகப் போய்த் தட்டினால்தான் விழிக்கும். எட்டு மணி நேர வேலைச் சட்டம் முதல் போனஸ் சட்டம் வரை நமது அனுபவம் இதுதானே?

யூனிட்காரர்களுக்குச் சில வார்த்தைகள்

இந்தப் பத்திரிகையை யூனிட்காரர்களும் படிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அவர்களுக்குச் சொல்கிறோம்.

ஒன்று: உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். 2020 ஜூலை முதல் அமலிலிருக்கும் இந்தப் பதிவுக்குக் கட்டணமில்லை. காசு கேட்கும் தரகரிடம் போகாதீர்கள். வேலை எடுப்பதற்கு முன்பே பதிவு இருக்க வேண்டும். பாக்கி விழுந்த பிறகு பதிவு செய்தால் பழைய பாக்கிக்கு அது செல்லாது என்று கம்பெனி வக்கீல் வாதாடுவார். கோர்ட்டுகளும் அப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றன.

இரண்டு: எழுத்தில்லாமல் கட்டுத் துணியைத் தொடாதீர்கள். எத்தனை பீஸ், என்ன விலை, எத்தனை நாளில் பணம் என்று ஒரு காகிதம் வேண்டும். அது முடியாவிட்டால், பேசி முடித்ததை அன்றே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, அவர்கள் “சரி” என்று பதில் போட்டதைப் பத்திரமாக வையுங்கள். சரக்கு இறக்கும்போது டெலிவரி சலானில் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். பில்லை அன்றே கொடுங்கள்.

மூன்று: கெடு தாண்டியதும் ரிஜிஸ்தர் தபாலில் கடிதம் போடுங்கள். பில் நம்பர், தேதி, தொகை, வட்டி எல்லாவற்றையும் அதில் குறிப்பிடுங்கள். கோபச் சொல் வேண்டாம். கணக்கு போதும். சாதாரணமாகப் பாக்கிக்கு வழக்குப் போட 3 ஆண்டுதான் கெடு. அதற்குள் கம்பெனி “இவ்வளவு தர வேண்டியிருக்கிறது” என்று எழுதிக் கையெழுத்திட்டால் அந்தத் தேதியிலிருந்து கெடு புதிதாகத் தொடங்கும். ஆகவே ஆண்டுக்கொரு முறை கணக்கு ஒத்துக்கொண்டு கையெழுத்து வாங்குங்கள்.

நான்கு: செக் வாங்கினால், அதிலுள்ள தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் பாங்கியில் போடுங்கள். பணமில்லையென்று திரும்பினால், பாங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீசு கொடுக்க வேண்டும். நோட்டீசு கிடைத்த 15 நாளில் பணம் வராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் செய்யலாம். 2 ஆண்டு வரை சிறையோ, செக் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும் குற்றம் இது. தேதிகளில் ஒன்றைத் தவறவிட்டாலும் இந்த வழக்கு நிற்பது கஷ்டம்.

ஐந்து: இது எல்லாவற்றிலும் முக்கியமானது. தனியாகப் போகாதீர்கள். எந்தக் கம்பெனி யாருக்கு எவ்வளவு பாக்கி என்று உங்கள் சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். ஒருவருடைய பாக்கியைத் தீர்க்காத கம்பெனியின் கட்டை இன்னொருவர் குறைந்த விலைக்கு எடுத்துத் தைப்பது தற்கொலைக்குச் சமம். இன்று அவர் கழுத்தில் விழுந்த கத்தி நாளை உங்கள் கழுத்துக்கும் வரும்.

கூலிதான் முதல் கடன்

இவ்வளவும் சொன்னதால் யூனிட்காரரின் எல்லாச் சாக்கையும் நாம் ஏற்றுக்கொண்டதாக அர்த்தமில்லை. “கம்பெனி கொடுத்தால்தான் கொடுப்பேன்” என்பது சட்டமும் அல்ல, நியாயமும் அல்ல. டெய்லர் கம்பெனியோடு பேரம் பேசவில்லை. யூனிட்காரரின் சொல்லை நம்பி மிஷினில் உட்கார்ந்தார். வாரக் கூலியை வாரத்தின் கடைசி வேலைநாளில் கொடுத்தாக வேண்டும் என்று ஊதியத் தொகுப்புச் சட்டம் சொல்கிறது. அது 2019ல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. கூலிப் பாக்கிக்குத் தொழிலாளி 3 ஆண்டு வரை மனுப் போடலாம். அவர் சார்பில் பதிவு பெற்ற சங்கமே போடலாம். கம்பெனி கேட்டுக்குள்ளேயே காண்ட்ராக்டர் ஆள் வைத்து வேலை வாங்கி, கூலி கொடுக்காமல் நழுவினால், அந்த ஸ்தாபனத்தின் சொந்தக்காரரே கூலிக்குப் பொறுப்பு.

இந்தப் புதிய தொகுப்புகளை நாம் பாராட்டுகிறோம் என்று யாரும் எண்ண வேண்டாம். 1970ஆம் ஆண்டின் காண்ட்ராக்ட் தொழிலாளர் சட்டம் 20 பேர் இருந்தாலே பாதுகாப்புக் கொடுத்தது. புதிய தொகுப்பு அதை 50 பேர் என்று உயர்த்திவிட்டது. சிறு சிறு குழுவாக வேலை செய்யும் லட்சக்கணக்கான மக்களை ஒரே பேனாக்கோட்டில் வெளியே தள்ளிய சர்க்கார் யாருடைய சர்க்கார் என்று சொல்லவும் வேண்டுமா? அந்தக் கோட்டை அழிக்கப் போராடுவோம். அதே சமயத்தில் மிஞ்சியிருக்கும் ஒவ்வொரு உரிமையையும் இறுகப் பிடித்துப் பயன்படுத்துவோம்.

நமது சங்கங்கள் செய்ய வேண்டியது

நாமும் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கூலி நின்றவுடன் யூனிட் வாசலில் கொடி கட்டிக் கோஷம் போட்டுத் திரும்பியிருக்கிறோம். யூனிட்காரர் இரவோடிரவாகப் பூட்டைப் போட்டுவிட்டு ஊரைவிட்டுப் போனதும், பழைய மிஷினை விற்று யார் யாருக்கு எவ்வளவு என்று பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். பணத்தை முடக்கிய கம்பெனியோ எந்தச் சேதமுமின்றிப் பக்கத்துத் தெருவில் வேறு யூனிட்டுக்குக் கட்டு அனுப்பிக்கொண்டிருந்தது. சில இடங்களில் இதற்கு நேர் எதிரான தவறும் நடந்தது. “பாவம், அவரும் கஷ்டப்படுகிறார்” என்று இரக்கப்பட்டு, தொழிலாளியின் கூலியையே விட்டுக்கொடுத்தோம். இரண்டும் கூடாது.

இனி வழி இதுதான் என்று நாம் கருதுகிறோம். கம்பெனி பணம் வரவில்லை என்று யூனிட்காரர் சொன்னால், “பில் புத்தகத்தைத் திறந்து காட்டுங்க” என்று சங்கம் கேட்க வேண்டும். உண்மையாகவே பாக்கி இருந்தால், அதில் கூலி எவ்வளவு என்று தனியே கணக்கெழுதி, வசூலாகும் முதல் ரூபாய் கூலிக்கே போகும் என்று அவர் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி ஒப்புக்கொண்டால் சங்கம் அவரோடு சேர்ந்து கம்பெனி கேட்டுக்கு வரும். ஒரு யூனிட்காரரை வாட்ச்மேன் தடுத்து நிறுத்தலாம். அவரோடு 16 தொழிலாளர்களும், அவர்கள் குடும்பங்களும், பக்கத்து யூனிட்காரர்களும், கம்பெனிக்குள் வேலை செய்யும் கட்டிங், பேக்கிங் தோழர்களும் சேர்ந்து நின்றால் யாரால் தடுக்க முடியும்? புத்தகத்தைக் காட்ட மறுக்கும் யூனிட்காரர்? அவர் கம்பெனியிடம் பணம் வாங்கிக்கொண்டே இல்லையென்கிறார் என்றுதான் அர்த்தம். அவரோடு பேச வேண்டிய பேச்சு வேறு.

தொழிலாளத் தோழர்களும் ஒன்றைச் செய்ய வேண்டும். எந்தத் தேதியில் எத்தனை ஷிப்ட், எத்தனை பீஸ், எந்தக் கம்பெனிச் சரக்கு என்று ஒரு சின்ன நோட்டில் தினமும் எழுதி வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத தோழருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். அந்த நோட்டுப் புத்தகம் நாளைக்குச் சாட்சி சொல்லும்.

சர்க்காரிடம் நாம் கேட்பவை அதிகமில்லை. பாக்கி வசூல் கவுன்சில் மாவட்டத்துக்கு ஒன்றாக அமைய வேண்டும். 90 நாள் விதியை எழுத்துப் பிசகாமல் நடத்த வேண்டும். மனுப் போட்டவருக்கு ஆர்டரை நிறுத்திப் பழி வாங்கும் கம்பெனிக்குச் சலுகைகளை நிறுத்த வேண்டும். தீர்ப்புத் தொகையில் தொழிலாளர் கூலிக்கு முதல் உரிமை என்று சட்டத்தில் எழுத வேண்டும். ஏற்றுமதியாளருக்குக் கஷ்டம் என்றால் சலுகை கொடுக்க ஓடும் மத்திய சர்க்காருக்கு, அந்தச் சலுகை கைமடிப் பெண்ணின் சனிக்கிழமைக் கூலி வரை இறங்குகிறதா என்று பார்க்கும் கடமையில்லையா?

செய்த வேலைக்குப் பணம் கேட்கிறவன் தலை குனிய வேண்டியதில்லை. கொடுக்காதவன்தான் குனிய வேண்டும். கேட்டு வாசலில் கைகட்டி நிற்கும் பழக்கத்தை விடுவோம். கணக்கைக் கையில் எடுப்போம், கூட்டமாகப் போவோம், கூலியை முதலில் வாங்குவோம்.

அடுத்த சனிக்கிழமை இரவு யூனிட் வாசலில் அந்தத் தாய் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. அதற்கான வேலையை இந்தத் திங்கட்கிழமையே தொடங்குவோம், தோழர்களே!